ஜும்ஆ நேரத்தில் வந்த வேன்

தலவாக்கலை
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஸஹ்லாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தோஹா வெயில் உன்னை வாட்டாமல் அல்லாஹ் காக்கட்டும். இங்கே மழை விட்டபாடில்லை, ஆனாலும் வாப்பாவும் உம்மாவும் சுகம். போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே பேசுவாய், அதனால் எழுதுகிறேன், உம்மா படம் பிடித்து அனுப்புவார்.

அந்தக் கொழும்புப் புதுக் கம்பனி உன்னைக் கூப்பிட்டபோது, வங்கியில் மென்பொருள் வேலை நன்றாகத்தானே போகிறது, விடாதே என்று கத்தியவன் நான். கடைக்காரர்கள் போனில் ஓடர் போட ஒரு செயலி, சாமான் வேனில் வரும், ஆனால் நம் பக்கத்தில் பாதிச் சாமான் இறக்காமலே திரும்புகிறது என்றாய். மூழ்கப் போகிற கம்பனி என்று முடிவே கட்டிவிட்டேன். நீயோ நேர்முகத்தேர்விலேயே, சாமான் திரும்பிய நாளையும் நேரத்தையும் கேட்டுவிட்டுச் சிரித்தாயாம். வெள்ளிக்கிழமை பகல், நாங்கள் கடையைச் சாத்திவிட்டு ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருக்கும்போது வேன் வந்தால் யார் இறக்குவது? பூட்டைப் பார்த்துவிட்டு, மலையில் வியாபாரம் இல்லை என்று நினைத்துவிட்டார்கள்!

உன் சொல்லைக் கேட்டு அவர்கள் வேன் நேரத்தை மாற்றிய பிறகும் நீ வேலைக்கு உடனே சரி என்று சொல்லவில்லை பார், அங்கேதான் நீ என் மகள். வேனில் சாமான் கொண்டுவருவது இப்போது சும்மா நடக்கிறது, அதற்குக் கட்டணம் வைத்தாலும் கடைக்காரர்கள் வருவார்களா என்று என்னைக் கேட்டுப் பார்க்கச் சொன்னாய். நேற்று பஸ் ஏறி ஹட்டன் வரை கடை கடையாக விசாரித்தேன், உன்னைப் பற்றி மூச்சுவிடவில்லை. கடைக்காரர்களில் சின்னத்தம்பி மட்டும் சொந்த லொறி இருக்கிறது, வேண்டாம் என்றார். ஹட்டன் கடைக்காரர் பஸ்லான் நானா, "வாசலுக்கே சாமான் வருது, காசு கேட்டா குடுப்போம்" என்றார். தனியாகக் கடை நடத்தும் ஜீவராணி என்னைக் கம்பனிக்காரன் என்றே நினைத்து, "அத நிப்பாட்டிராதீங்கய்யா, கடைய விட்டுட்டு நான் எங்க போறது?" என்று கெஞ்சினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நாளை நீ பதில் சொல்ல வேண்டிய நாள். தயங்காமல் சரி என்று சொல் மகள், நான் கத்தியதை மறந்துவிடு. பேசியதையெல்லாம் எழுத்தில் வாங்கிக்கொள், வங்கியில் முகம் முறியாமல் விடைபெற்று வா. நேரத்துக்குச் சாப்பிடு. உன் கை தொட்டதிலெல்லாம் அல்லாஹ் பரக்கத் செய்யட்டும்.

துஆக்களுடன்,
வாப்பா பைஸர்

பி.கு: முந்தாநாள் ஜும்ஆ முடிந்து வந்தால், வேன் நம் கடை வாசலில் எனக்காகக் காத்து நிற்கிறது. என் மகள் காத்து நிற்க வைத்த வேன் என்று தெருவுக்கே கேட்கச் சொல்லிக்கொண்டுதான் கதவைத் திறந்தேன்.