மாப்பிள்ளை வந்த நேரம்

கயலுக்கு,

போனில் சொன்னால் உன் வீட்டுக்காரர் காதில் விழும், அதனால் எழுதுகிறேன். பேத்திக்குச் சளி குறைந்ததா?

நம் தெருப் பூங்கா இடத்தில் மாப்பிள்ளை கடைகள் கட்டுவது பற்றி நேற்றுச் சங்கத்தில் கூட்டம். கட்டினால் மழைத்தண்ணீர் வீடுகளுக்குள் வரும் என்று எல்லோரிடமும் எடுத்துச் சொன்னதே நான்தான்.

“சம்மதிக்கிறவுக எந்திரிங்க” என்றார் தலைவர் ஞானதுரை. ஒருவரும் அசையவில்லை. அந்நேரம் உன் வீட்டுக்காரர் உள்ளே வந்தார். மாப்பிள்ளை வரும்போது உட்கார்ந்திருப்பேனா? எழுந்துவிட்டேன்.

“ஆத்தாவே எந்திரிச்சுட்டாக, நீ என்னத்துக்குலே குத்தவச்சிருக்க?” என்று அழகுமலை தன் தம்பியை இடித்தான். தெருவே எழுந்தது. தீர்மானம் நிறைவேறிவிட்டது.

மரியாதைக்குத்தான் எழுந்தேன், சம்மதமில்லை என்று சபையில் சொன்னால் மாப்பிள்ளைக்குத் தலைகுனிவு. சொல்லவில்லை. நீயும் அவரிடம் கேட்காதே.

காலையிலேயே லாரியில் மண் அடிக்கிறார்கள். ஐப்பசிக்கு முன் கட்டில் கால்களுக்குச் செங்கல் வைக்க வேண்டும்.

அம்மா