மாடி ஹாலில் காங்கா

திங்கள், பிப்ரவரி 6, 1939

காலையில் பனி. மூக்கடைப்பு. விசாலம் கஷாயம் வைத்துக் கொடுத்தாள், வாயில் வைக்க முடியவில்லை.

தேனாம்பேட்டை, ராஜரத்தினத்தின் பங்களா. மாடி ஹாலை நடனத்துக்கு வாடகைக்கு விடுகிறார். கட்டடம் உறுதி என்று ஓவர்சீயர் எழுதிக் கொடுத்தால்தான் லைசென்ஸ். அதற்குத்தான் என்னைக் கூப்பிட்டது. சனி சாயங்காலம் ஹவானா கோஷ்டி வருகிறது. ஏழு பேர். கியூபாவிலிருந்து கப்பலேறி ஊர் ஊராக வாசித்துக்கொண்டு வருகிறார்களாம். அவர்கள் பரப்பிய ஆட்டத்துக்குக் காங்கா என்று பெயர். ஊரெல்லாம் இதே பேச்சு. இருநூறு டிக்கெட், எல்லாம் தீர்ந்துவிட்டது.

ஒருவர் இடுப்பை மற்றவர் பிடித்துக்கொண்டு ரயில் மாதிரி போகவேண்டும். மூன்று அடி, நாலாவது உதை. எங்கள் பெண் கமலா, பன்னிரண்டு வயது, யார் வீட்டிலோ பார்த்துவிட்டு வந்து கூடத்தில் ஆடிக் காட்டினாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு, ஹோய்!" அலமாரியில் டம்ளர்கள் அதிர்ந்தன.

மற்ற ஆட்டங்களில் கால் அவரவர் இஷ்டம். இதில் இருநூறு பேரும் ஒரே நேரத்தில் மிதிப்பார்கள்.

செவ்வாய்

பங்களா. கீழே சாப்பாட்டு ஹால், அதன் மேல்தான் நடனம். ஏணி போட்டு ஏறினேன். நடு உத்திரம் சுவருக்குள் போகும் இடத்தில் கரையான் புற்றின் கோடு. அதன் மேலேயே வெள்ளையடித்திருக்கிறார்கள்.

இதை எழுதித்தான் ஆகவேண்டும். போன வருஷம் இதே கட்டடத்துக்கு நான் கையெழுத்துப் போட்டேன். ஏணி ஏறவில்லை. காப்பி குடித்தேன், போட்டேன், வந்தேன்.



புதன்

முனுசாமி மேஸ்திரியையும் அவன் ஆட்களையும் மாடிக்கு அனுப்பினேன். பதினாறு பேர்.

"இன்னா சாமி, சித்தாளுங்கள கூத்தாடச் சொல்றே?"

"வேலைன்னு நெனச்சுண்டு ஆடுங்கோ. மூணு அடி, ஒரு உதை. எல்லாரும் சேர்ந்து."

நான் கீழே. உத்திரத்துக்கு நேர் கீழே ஒரு கம்பை நிறுத்தினேன். கம்பு நுனிக்கும் உத்திரத்துக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. மேலே ஒரே சிரிப்பு. பிறகு தாளம் பிடித்துக்கொண்டார்கள். ஆறாவது சுற்றில் உத்திரம் இறங்கிக் கம்பைத் தொட்டது. எட்டாவதில் கம்பு வளைந்து துள்ளி விழுந்தது.

முனுசாமி இறங்கி வந்து பார்த்தான். சிரிப்பு போய்விட்டது. "நாங்க பதினாறு பேருதான் சாமி. அதுவும் வெறுங்காலு."

வியாழன்

ராஜரத்தினத்திடம் சொன்னேன். கீழே நாலு முட்டு கொடுத்தால் போதும்.

"சாப்பாட்டு மேஜைக்கு நடுவுல கட்டைய நட்டா லேடீஸ் எங்க சார் உக்காருவாங்க? போன வருஷம் நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க? அப்ப நல்லா இருந்த உத்திரம் இப்ப கெட்டுப்போச்சா?"

கையெழுத்து மட்டும் போடமாட்டேன் என்றேன். மயிலாப்பூரில் வேறு ஓவர்சீயரே இல்லையா என்று கேட்டார்.

விசாலம்: "நீங்கதான் போடலையோன்னோ? அப்பறம் உங்களுக்கென்ன?"

போன வருஷத்துக் கதையை அவளிடம் சொன்னேன். "அந்தக் கோஷ்டிக்காராளுக்குத் தெரியுமோ?" என்றாள்.

வெள்ளி

வேறு ஒருவர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

மவுண்ட் ரோடு லாட்ஜுக்குப் போனேன். கோஷ்டித் தலைவர் பெயர் தொமாஸ். ஐம்பது வயசிருக்கும். நெட்டை முரசு ஒன்றைத் தொடைக்கு நடுவே வைத்து எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். அவர் இங்கிலீஷும் என் இங்கிலீஷும் ஒரே தரம். கையாலும் காலாலும் விளக்கினேன். உடனே சட்டையை மாட்டிக்கொண்டு என்னோடு வந்தார்.

பங்களாவில் மேஜைமேல் ஏறி, உத்திரத்தில் உள்ளங்கையை வைத்தார். மேலே முனுசாமி தனியாகக் குதித்தான். தொமாஸ் கையைச் சுட்டுக்கொண்டவர் மாதிரி எடுத்தார். நேரே ராஜரத்தினத்திடம் போய், புல்வெளியில் என்றால் வாசிப்போம், மாடியில் என்றால் கப்பலேறுகிறோம் என்றார்.

புல்வெளி என்று முடிவாயிற்று. ராஜரத்தினம் என் முகத்தைப் பார்க்கவில்லை.

சனி

விடிந்ததிலிருந்து மேகம். தைக் கடைசியில் மழையா? பத்துத் தரம் வாசலுக்குப் போய்ப் பார்த்தேன்.

நாலு மணிக்குப் பங்களா. யாரும் கூப்பிடவில்லை. வேலியோரம் நின்றேன், முனுசாமியும் வந்தான். ஐந்தரைக்குக் காங்கா. சங்கிலி புல்வெளியைச் சுற்றி வளைந்து போயிற்று. ஜட்ஜு வீட்டு அம்மாள், ஒரு பாதிரியார், பட்டுப்புடவைகள். எல்லாருடைய உதையும் ஒன்றாக. பூமி தாங்கியது.

ஆறு மணிக்குத் தூறல். ராஜரத்தினம் மாடிப்படியில் நின்று, "எல்லாரும் மேல வாங்க, மேல வாங்க!" என்று கை தட்டினார். கூட்டம் படிப்பக்கம் திரும்பியது. நான் ஓடிப்போய்ப் படியை மறித்தேன். ஒருவர் என்னைத் தோளில் பிடித்துத் தள்ளினார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தொமாஸ் முரசை மூடவில்லை. தூக்கிக்கொண்டு புல்வெளி நடுவுக்கு நடந்தார், நனைந்தபடியே அடித்தார். தோல் தொய்ந்து சத்தம் மாறியது. அப்படியும் விடவில்லை. மற்ற ஆறு பேரும் பின்னாலேயே போனார்கள். யாரோ ஒரு பெண் சிரித்துக்கொண்டே செருப்பை உதறிவிட்டுச் சங்கிலியில் சேர்ந்தாள். பிறகு எல்லாரும். சேற்றில் ஆடினார்கள்.

படியில் நான் மட்டும்.

ஞாயிறு

காலையிலேயே ராஜரத்தினம் ஆளனுப்பினார். "இடிச்சே பாத்துடலாம். நல்லா இருந்துச்சுன்னா உங்க பேரை நாறடிச்சுடுவேன்."

முனுசாமி சுவரைக் கொத்தினான். உத்திரத்தின் தலை வெறும் பொடி. ஈர ரவை மாதிரி கொட்டியது. முனுசாமியின் கை மணிக்கட்டு வரை உள்ளே போயிற்று. ராஜரத்தினம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சந்தோஷமே இல்லை.

முனுசாமி உத்திரத்தின் பக்கத்தில் சூடு போட்டுப் பதித்த முத்திரையைத் துடைத்துப் பார்த்தான்.

"இது எங்க நைனா வேலை பாத்த காண்ட்ராக்டரு சரக்கு சாமி. எல்லாம் ஒரே லாட்டுல வந்த மரம். மீதிய மயிலாப்பூரு பொம்பளப் புள்ளைங்க இஸ்கூலுக்குப் போட்டாங்கன்னு நைனா சொல்லிக்கினு இருக்கும். அங்கயும் மாடி கீது."

கமலாவின் பள்ளி. காலைப் பிரார்த்தனை மாடியில். முந்நூறு பெண்கள்.

தலைமை ஆசிரியை வீடு எது என்று விசாலம் பக்கத்து வீட்டில் கேட்கப் போயிருக்கிறாள். ஏணிக்கு முனுசாமியிடம் சொல்லியாயிற்று. கமலா ரிப்பன் இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாள். நாளைக்கு லீவு என்று அவளிடம் இன்னும் சொல்லவில்லை.