ஏழு வயது லீடரைப் பதவியிலிருந்து விடுவிக்கக் கோரி

அனுப்புநர்
த. நிர்மலா,
க/பெ. தனசேகரன்,
நாவலோடை கிராமம்,
கல்வராயன்மலை வட்டம்,
கள்ளக்குறிச்சி மாவட்டம்.

பெறுநர்
மாவட்டக் கல்வி அலுவலர் அவர்கள் (தொடக்கக் கல்வி),
கள்ளக்குறிச்சி.

பொருள்: நாவலோடை தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் அபிநயாவை வகுப்பை அடக்கும் வேலையிலிருந்து விடுவிக்கவும், அவ்வேலைக்கு அரசு நியமித்த ஆசிரியரை எங்கள் பள்ளிக்கே திருப்பி அனுப்பவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பதவி கேட்டும் பதவி உயர்வு கேட்டும் தங்கள் மேசைக்கு எத்தனையோ மனுக்கள் வந்திருக்கும். என் மகளுக்குக் கொடுத்த பதவியைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்க நான் மலையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறேன். மரவள்ளிக் காட்டில் கூலி வேலை செய்பவள். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். மனுவில் மரியாதை குறைந்த சொல் ஏதும் இருந்தால் அது கோபத்தால் வந்தது, அறியாமையால் அல்ல.

1. எங்கள் ஊர்ப் பள்ளியில் கணக்குப்படி ஆசிரியர்கள் இருவர். ஒருவர் தலைமை ஆசிரியர். மற்றவர் இசைவாணி டீச்சர். ஜூன் மாதம் பள்ளி திறந்தபோதே டீச்சரை மாற்றுப்பணி என்று சொல்லிக் கீழே ஒரு பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது தலைமை ஆசிரியர் மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகளை ஓர் அறையில் வைத்துக்கொண்டு பாடம் நடத்துகிறார். ஒன்றும் இரண்டும் பக்கத்து அறையில் இருக்கின்றன. அந்த அறையில் பெரியவர் என்று யாரும் இல்லை. அங்கே இருப்பது என் மகள்.

2. எழுத்து அழகாக இருக்கிறது, குரலும் கணீரென்று இருக்கிறது என்று சொல்லி அவளை லீடராக்கினார்கள். அன்று நானும் பூரித்துப் போனேன். கேரளத்தில் மிளகுத் தோட்டத்தில் வேலை பார்க்கும் என் கணவருக்குப் போன் போட்டுச் சொன்னேன். லீடர் என்றால் என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. பிறகுதான் தெரிந்தது. பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுத வேண்டும். முதலில் எழுதினால் 'அடங்கவில்லை'. மறுபடியும் பேசினால் 'மிக அடங்கவில்லை'. அதற்கும் மேல் போனால் 'மிக மிக அடங்கவில்லை'. தலைமை ஆசிரியர் வந்து பார்த்து, மிக எத்தனை இருக்கிறதோ அதற்கேற்ப அடி கொடுப்பார். அவர் வரும்வரை கையில் வைத்துக்கொள்ள அவளுக்கும் ஒரு மூங்கில் குச்சி கொடுத்திருக்கிறார். பள்ளியில் பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்று சட்டம் இருப்பதாகப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அவர்தான் எங்களுக்கு வாசித்துக் காட்டினார்.

3. ஐந்தாறு வயதுப் பிள்ளை எழுந்து நடக்கும், பக்கத்துப் பிள்ளையின் சிலேட்டைப் பிடுங்கும், கடிக்கும், காரணம் இல்லாமல் அழும். இதையெல்லாம் அடங்காமை என்று எழுதிப் போட்டால் மலையில் அடங்கிய பிள்ளை ஒன்றுகூடக் கிடைக்காது. என் மகள் ஒன்றும் சாது அல்ல. போன வருடம் ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது ஒரு பிள்ளையின் தோளைப் பல் பதியக் கடித்து வைத்தவள்தான். இசைவாணி டீச்சர் அவள் பெயரை எங்கும் எழுதவில்லை. தன் பக்கத்தில் உட்கார வைத்து, யார் எதைப் பிடுங்கியது என்று கேட்டார். பசியில் இருக்கும் நேரத்தில்தான் கடிக்கிறாள் என்று கண்டுபிடித்தவரும் அவரே. அதன்பின் அந்த நேரத்தில் அவளுக்குச் சாப்பாட்டுத் தட்டு எடுத்து வைக்கும் வேலை கொடுத்தார். கூச்சல் அதிகமானால் டீச்சர் கத்த மாட்டாராம், மெதுவாகக் கை தட்டிப் பாட ஆரம்பிப்பாராம். பிள்ளைகளும் தட்டிக்கொண்டே வந்து உட்கார்ந்துவிடுமாம். அபிநயா அப்படித்தான் கடிப்பதை விட்டாள். அப்படித் திருந்திய பிள்ளையின் கையில்தான் இந்த வருடம் குச்சியைத் திணித்திருக்கிறார்கள்.

4. இனி நடந்ததைச் சொல்கிறேன். இம்மாதத் தொடக்கத்தில் ஒரு நாள் தலைமை ஆசிரியர் வட்டார அலுவலகத்துக்கு ஏதோ விவரம் அனுப்ப வேண்டும் என்று செல்போனுக்கு டவர் தேடிப் பாறைமேட்டுக்குப் போனார். போகும்போது, "நான் வர்ற வரைக்கும் ஒருத்தரும் எழுந்திரிக்கக் கூடாது, ஒருத்தரையும் வெளிய வுடாத" என்று என் மகளிடம் சொல்லிவிட்டுப் போனார். ஒன்றாம் வகுப்புக் கலையரசன் ஒண்ணுக்கு வருகிறது என்று கேட்டிருக்கிறான். உட்கார் என்றாள். மறுபடியும் கேட்டான். பெயரை எழுதினாள். எழுந்து நின்று அழுதான். ஒரு 'மிக' சேர்த்தாள். அழுகை நிற்கவில்லை, இன்னொரு 'மிக' சேர்த்தாள். கடைசியில் பிள்ளை நின்ற இடத்திலேயே கால்சட்டையை நனைத்துக்கொண்டான். மற்ற பிள்ளைகள் சிரித்தன. கரும்பலகையில் அவன் பெயருக்கு நேரே 'மிக மிக அடங்கவில்லை' என்று என் மகளின் அழகான கையெழுத்தில் இருந்தது. மாலையில் நான் போனபோதும் அது அழிக்கப்படாமல் இருந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

5. அன்று குழாயடியில் கலையரசனின் தாய் காசியம்மாள் என்னை நிறுத்தி, "உம் பொண்ணு இன்னா பெரிய கலெக்டரா? எம்புள்ளய மூத்திரம் போவ வுடாம ஒக்கார வச்சிக்கினு இருந்திருக்கா. அவன் இனிமே இஸ்கூலுக்கே போவமாட்டேன்னு அழுவறான், நீயா வந்து இட்டுக்கினு போவ?" என்று கேட்டார். நானும் காசியம்மாளும் ஒரே காட்டில் கிழங்கு பிடுங்குகிறவர்கள். அவர் கேட்டதில் ஒரு சொல்லும் தப்பில்லை.

6. மறுநாள் தலைமை ஆசிரியரிடம் போனேன். "பாத்துக்கன்னுதாம்மா சொன்னேன். ஒண்ணுக்கு வுடாதன்னா சொன்னேன்? அவளுக்குப் புத்தி வேணாமா?" என்றார். ஐயா, ஏழு வயதுக்கு எவ்வளவு புத்தி இருக்க வேண்டும் என்று அரசாணை ஏதும் இருந்தால் எனக்குத் தெரிவிக்கவும். அதோடு நிற்கவில்லை. காலை வணக்கக் கூட்டத்தில் எல்லாப் பிள்ளைகள் முன்பும் அவளை முட்டி போட வைத்துக் கலையரசனிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். கேட்டாள். பெல் அடித்ததும் அதே சாக்பீஸையும் அதே குச்சியையும் எடுத்து அவள் கையில் கொடுத்து, போய் வகுப்பைப் பார் என்றார். தப்பு அவளுடையது என்றால் வேலையைப் பிடுங்கியிருக்க வேண்டும். தப்பு அவளுடையது இல்லை என்றால் முட்டி போட வைத்திருக்கக் கூடாது. தண்டனையும் அவளுக்கு, வேலையும் அவளுக்கு, சம்பளம் மட்டும் வேறு ஒருவருக்கு என்பது எந்த ஊர் நியாயம்?

7. அதன்பின் என் மகளோடு தெருவில் ஒரு பிள்ளையும் விளையாடுவதில்லை. அவள் வந்தால், போலீசு வருது என்று ஓடிவிடுகின்றன. காலையில் வயிறு வலிக்கிறது என்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வலிப்பதில்லை. போன வாரம் நான் என் கணவருடன் போனில் பேசிக்கொண்டிருந்தபோது சாக்பீஸ் துண்டால் சுவரில் என் பெயரை எழுதி வைத்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "நீ ஜாஸ்தி பேசற" என்றாள். சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. போன வருடம் தட்டு எடுத்து வைத்துக்கொண்டு பாட்டுப் பாடித் திரிந்த பிள்ளையை ஐந்து மாதத்தில் என்னவாக ஆக்கி வைத்திருக்கிறார்கள் என்பதைத் தாங்களே வந்து பார்க்க வேண்டும்.

8. தலைமை ஆசிரியர் கெட்டவர் என்று நான் எழுதவில்லை. ஐந்து வகுப்பு, சத்துணவுக் கணக்கு, செல்போனில் கேட்கும் விவரங்கள் எல்லாம் ஒரே ஆள் தலையில் என்றால் யாராக இருந்தாலும் திணறத்தான் செய்வார். ஆனால் திணறுகிறவர் தங்களிடம் அல்லவா வந்து கேட்டிருக்க வேண்டும்? தன் சுமையை இறக்கி வைக்க இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் தலைதானா கிடைத்தது?

ஆகவே ஐயா, இசைவாணி டீச்சரை இந்தப் பருவத்திலேயே நாவலோடைக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். அதுவரை ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளையும் தலைமை ஆசிரியர் தம் கண் பார்வையிலேயே உட்கார வைக்க வேண்டும். எந்தப் பிள்ளையின் கையிலும் குச்சியோ மற்ற பிள்ளைகளின் பெயர்களோ இருக்கக் கூடாது. ஒண்ணுக்குப் போக எந்தப் பிள்ளையும் எந்தப் பிள்ளையிடமும் அனுமதி கேட்கும் நிலை இருக்கக் கூடாது. காசியம்மாளும் இதையே கேட்கிறார். அவருடைய கையொப்பமும் கீழே உள்ளது.

கடைசியாக ஒன்று. இம்மனுவில் தலைமை ஆசிரியரின் பெயர் இல்லாததைத் தாங்கள் கவனித்திருக்கலாம். மறந்து விடவில்லை. நேற்று இதை எழுதிக்கொண்டிருந்தபோது அபிநயா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "யாரு பேரம்மா எழுதற?" என்று கேட்டாள். உங்க சார் பேருதான் என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, "வாணாம்மா. பேர எழுதுனா அடி வுழும்" என்று அழுதாள். தன்னை முட்டி போட வைத்தவருக்காக அழுதாள். எழுதிய பெயரை அவள் கண் முன்னாலேயே அடித்துவிட்டேன். அந்தப் பெயர் தங்கள் அலுவலகத்தில் இருக்கும், தேவைப்பட்டால் பார்த்துக்கொள்ளவும். தங்களிடம் நான் அடி கேட்டு வரவில்லை, ஆசிரியர் கேட்டு வந்திருக்கிறேன். பெயர் எழுதினால் அடி மட்டும்தான் விழும் என்று என் மகள் நம்புகிறாள். அது அப்படி இல்லை என்று அவளுக்குக் காட்ட வேண்டியது தங்கள் பொறுப்பு.

இடம்: நாவலோடை
நாள்: 17.11.2025

இப்படிக்கு,
த. நிர்மலா
(இரண்டாம் வகுப்பு அபிநயாவின் தாய்)

காசியம்மாள்
(ஒன்றாம் வகுப்புக் கலையரசனின் தாய்)