குளத்தில் இறங்கியவள் நீ

இன்று காலை மீன்தொட்டியில் தண்ணீர் மாற்றும்போது பார்த்தேன். நீ பிடுங்கித் தந்த செடி பூத்திருக்கிறது. மெல்லிய தண்டொன்று தண்ணீருக்கு மேலே எழும்பி, நுனியில் வெள்ளையாய்ச் சின்னச் சின்னப் பூக்கள். உன்னைக் கூப்பிடத் திரும்பிவிட்டேன். நீ இறந்து ஒரு வருடம் ஆகப்போகிறது.

அம்மா நோயில் விழுந்து, நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டபின் என்னைத் தேடி வந்தவள் நீ மட்டும்தான். யாரோடும் கதைக்க வெட்கப்படும் எனக்கு அந்தக் கண்ணாடித் தொட்டி போதுமாயிருந்தது. மீனை விடச் செடிதான் எனக்குப் பிடிக்கும் என்பதும் உனக்குத்தான் தெரியும். ஒருநாள் கைபேசியில் ஒரு படம் காட்டினேன். ஓரமெல்லாம் சுருள் சுருளாய், வெளிச்சம் ஊடுருவும் நீண்ட இலை. வெளிநாட்டில் தேடித் தேடி வாங்குகிறார்களாம். "எடியே, உது உரும்பிராயிலை எங்கடை பெரியம்மாவின்ரை வயலுக்குப் பக்கத்துக் குளத்திலை கிடக்கு" என்றாய்.

கார்த்திகை மழை விட்ட ஒரு பின்னேரம், உன் அம்மாவிடம் ரியூசன் என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் போனோம். அப்படிச் சொல்லச் சொன்னது நான்தான். கரையில் மாடு கழுவிக்கொண்டிருந்தவர் சிரித்தார். "உது கொட்டிப் பூண்டெல்லே பிள்ளையள்! உதைப் போய் ஆரும் வீட்டிலை வைப்பினமே?"

"வெளிநாட்டிலை உதுக்குக் கண்ணாடி வீடு கட்டிக் குடுக்கினம் ஐயா" என்றாய் நீ.

அவர் முன்னால் பாவாடையைத் தூக்கிக்கொண்டு இறங்க எனக்கு வெட்கமாக இருந்தது. "செடி உனக்கு, சேறு எனக்கோ? சரி, நில்லடி கரையிலை" என்று நீதான் இறங்கினாய். உன் குதிக்காலில் செருப்புக் கடித்த புண் இருந்தது. இரண்டு பேருக்கும் அது நினைவில் வரவில்லை.

ஒரு கிழமையில் உனக்குக் காய்ச்சல். ஆசுபத்திரியில் டொக்டர் கேட்டபோது நானும் உன் கட்டிலருகில் நின்றேன்.

"வயல், குளம் எங்கையும் இறங்கினனீரோ?"

நீ என்னைப் பார்த்தாய். பக்கத்தில் உன் அம்மா. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இல்லை டொக்டர்" என்றாய்.

எலி மூத்திரம் கலந்த தண்ணீரிலிருந்து புண் வழியாகத் தொற்றும் எலிக்காய்ச்சலைப் பற்றி எனக்கு அப்போது தெரியாது. ஆனால் டொக்டர் சும்மா கேட்கவில்லை என்பது தெரிந்தது. இரண்டு நாள் கழித்து, உன் கண்கள் மஞ்சளான பிறகுதான் உன் அம்மாவிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. "அண்டைக்கே சொல்லியிருக்கலாமே பிள்ளை" என்றுவிட்டு டொக்டரிடம் ஓடினார். மருந்தை மாற்றினார்கள். மூன்றாம் நாள் நீ போய்விட்டாய்.

முதலே சொல்லியிருந்தால் பிழைத்திருப்பாயா? யாரும் எனக்குச் சொல்லவில்லை. கேட்க எனக்குத் துணிவும் இல்லை. உன் அம்மா வீதியில் கண்டால் "சாப்பிட்டியோ" என்கிறார். அதற்கும் தலையைத்தான் ஆட்டுகிறேன்.

இந்த வருட மழை தொடங்கிவிட்டது. ஒழுங்கையில் யாருக்காவது காய்ச்சல் என்று கேள்விப்பட்டால் அந்த வீட்டுப் படலையில் போய் நிற்கிறேன். போன கிழமை ஒரு அக்கா, "ஆர் இது, கதைக்காத பிள்ளையெல்லே!" என்று சிரித்தார்.

"மகள் குளத்திலை, வெள்ளத்திலை இறங்கினவவோ எண்டு கேளுங்கோ அக்கா."

அவர் உள்ளே திரும்பிக் கேட்டார். "இல்லை" என்று ஒரு சின்னக் குரல் வந்தது.

நான் போகவில்லை.

"திரும்பக் கேளுங்கோ அக்கா. ஏசமாட்டன் எண்டு சொல்லிப்போட்டுக் கேளுங்கோ."