நாங்களே அள்ளிய முதல் வாளி

அண்ணை,

இன்று காலை நனைந்த தும்புக் கயிற்றின் மணம் மூக்கில் ஏறியதும் உங்கள் நினைவு வந்துவிட்டது. தென்மராட்சியில் யாரோ ஒருவருடைய வீட்டு வளவுக் கிணற்றடியில் நின்றிருந்தேன். சண்டைக்குத் தப்பி ஊரே சேர்ந்து நடந்து வந்த நடை இன்னும் காலில் வலிக்கிறது. வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. எல்லோருக்கும் தண்ணீர் உண்டு என்கிறார். ஆனால் முதலில் ஊரைக் கேட்கிறார், பிறகு ஊருக்குள் எந்தக் குறிச்சி என்று கேட்கிறார்; அதிலேயே சாதி தெரிந்துவிடும். மற்றவர்கள் கையில் வாளியைக் கொடுக்கிறார். எங்களுக்கு மட்டும் தானே அள்ளி, தள்ளி நின்று ஊற்றுகிறார். இடம் பெயர்ந்துவிட்டோம் அண்ணை. பெயர் மட்டும் பெயரவில்லை.

எங்கள் ஊர்ப் பொதுக்கிணறும் இப்படித்தானே இருந்தது. பெயர் பொது, கயிறு உயர்சாதியாருடையது. யாராவது மனம் வைத்து அள்ளி ஊற்றும்வரை எங்கள் பெண்கள் வெறுங்குடத்தோடு வெயிலில் குந்தியிருப்பார்கள். இளவயதில் தேநீர்க்கடைகளுக்குள் எங்கள் ஆட்களைக் கூட்டிப்போய் உட்காரவைத்து அடிவாங்கியவர் நீங்கள். கிணற்றை அடிபடாமல் எடுக்கவேண்டும் என்று மாதக்கணக்கில் யோசித்தீர்கள். பெண்கள் முன்னால், எங்கள் இளம் பொடியள் வேலிக்கு வெளியே, யார் ஏசினாலும் பதில் இல்லை.

"எடி வாயாடி, உன்ரை வாயும் எனக்கு வேணும். ஆனா மூடினபடி" என்றீர்கள் என்னிடம்.

"மூடினா அது என்ரை வாயே இல்லையண்ணை."

முதல் நாள் மாலை நீங்கள் தனியாகப் போய், நாளைக்கு வருகிறோம் என்று, கிணற்றுக்குப் பொறுப்பாயிருந்த கிணற்றுக்காரரிடமே சொல்லிவிட்டு வந்தீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சண்டைக்குப் போறதை ஆரும் சொல்லிப்போட்டுப் போவினமோ? வெத்திலை பாக்கும் வைச்சு அழைச்சனியளோ?"

"சண்டைக்கில்லையடி, தண்ணிக்கு. பயந்தவன்தான் முதல்ல அடிப்பான். திடீரெண்டு போய் நிண்டு அவையைப் பயப்படுத்தக் கூடாது."

மறுநாள் போனால் கப்பியில் கயிறு இல்லை. கழற்றிவிட்டார்கள். நான் உங்களை முறைத்தேன். நீங்களோ பெண்களைப் பார்த்துத் தலையசைத்தீர்கள். ஒவ்வொருத்தியும் தன் பனையோலைக் கடகத்திலிருந்து ஒரு துண்டுக் கயிறு எடுத்தாள்: ஆடு கட்டியது, உடுப்புக் காயப்போட்டது, ஊஞ்சலில் கிடந்தது. எல்லாவற்றையும் முடிந்து வாளியை இறக்கினோம். முதல் முடிச்சே கப்பியில் இறுகிவிட்டது. வாளி தண்ணீரைத் தொடாமல் நடுவில் தொங்கியது. எல்லாம் யோசித்த நீங்கள் முடிச்சை யோசிக்கவில்லை! அந்தப் பக்கம் சிரித்தார்கள். எனக்கும் அடக்க முடியவில்லை. கடைசியில் நீங்களும் சிரித்தீர்கள்.

"கப்பி என்னத்துக்கு? கையிருக்கு" என்று அம்மா கயிற்றை உருவி எடுத்தாள். கிணற்றுக்கட்டில் காலை ஊன்றி நான்தான் இழுத்தேன். உள்ளங்கைத் தோல் உரிந்தது. வாளி வந்தது. தடியோடு நின்ற தன் பக்கத்துப் பொடியளைப் பார்த்துக் கிணற்றுக்காரர், "சொன்னமாதிரித்தான் வந்திருக்கினம், விடுங்கோ" என்றார். அவ்வளவுதான். யாரும் கைதட்டவில்லை.

பிறகு இரத்தத்தில் சீனி ஏறி ஏறி உங்களுக்குச் சீனி வருத்தம் முற்றியது. "கடையிலை சீனி இல்லை, நீங்கள் மட்டும் எப்பிடியண்ணை பதுக்கி வைச்சிருக்கிறியள்?" என்று கேட்டேன். படுத்தபடி குலுங்கிச் சிரித்தீர்கள். மருந்து வரும் பாதை மூடிக் கிடந்தது. நீங்கள் பிறகு எழும்பவே இல்லை. அந்தப் பகிடியை அதன்பின் நான் யாருக்கும் சொல்வதில்லை.

மறுபடி முதலிலிருந்தா என்று இன்று பகல் முழுக்க அலுத்துக்கொண்டே இருந்தேன். கயிறு எங்களுடையதான ஒரு கிணற்றை விட்டுவிட்டு வந்து, இங்கே திரும்பவும் கையேந்தி நிற்க வேண்டியிருக்கிறது. பொழுது சாயும் நேரம் எழும்பி வீட்டுக்காரரிடம் போனேன்.

"ஐயா, நாளைக்குக் காலமை நாங்களே அள்ளுவம். திடீரெண்டு வந்து நிக்கக் கூடாதெண்டு இப்பவே சொல்ல வந்தனான்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "எத்தினை மணிக்கு?"

"விடிஞ்சவுடனை."

அவர் உள்ளே போய்விட்டார். முதல் நாளே போய்ச் சொல்வது அவர்களுடைய பயத்துக்காக மட்டும் இல்லை என்பது திரும்பி நடக்கும்போதுதான் எனக்கு விளங்கியது. சொல்லிவிட்டேன் அண்ணை. இனி நான் போகாமல் இருக்க முடியாது.