துஷாந்தினியின் சப்பாத்து

லாசால், மொன்றியல்
வியாழக்கிழமை

அன்பு மகன் ரதீசனுக்கு,

அம்மன் அருளால் நீயும் மருமகள் சாருஜாவும் லண்டன் குளிரில் ஒரு குறையுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனம்தான் சரியில்லை. போனில் சொல்லலாம் என்றால் அப்பா எந்நேரமும் பக்கத்திலேயே இருக்கிறார், அவருக்கு முன்னால் இதைக் கதைக்க எனக்கு வாய் வரவில்லை, அதனால்தான் பேனாவை எடுத்தேன். துஷாந்தினி போய்விட்டாள் ராசா.

நீ பயந்தமாதிரி யாரும் வந்து பிடித்துக்கொண்டு போகவில்லை, அவளாகவே போனாள். அகதி வழக்குத் தோற்று, பங்குனிக்குள் நாட்டைவிட்டுப் போகவேண்டும் என்று அவளுக்குக் கடிதம் வந்தபோது நீதான் பொறுமையாக அவளோடு கதைத்து எல்லாம் விளங்கப்படுத்தினாய். பேந்து என்னிடம், திகதி முடிஞ்சாப் பிறகு அவவை வீட்டில வைச்சிருக்காதேங்கோ அம்மா, உங்களுக்கும் சிக்கல் வரும் என்றாய். சட்டம் படித்தவன் வேறென்ன சொல்லுவாய், உன்மேல் கோபமில்லை. ஆனால் திருகோணமலையில் அவளுடைய புருஷனை விசாரணைக்கென்று கொண்டுபோய்த் திருப்பித் தராதவர்கள் அவளையும் தேடி வந்தவர்கள், அந்த இடத்துக்கே எப்படி அனுப்புவது? எங்கள் சின்ன அறையில் சொந்தப் பிள்ளை மாதிரி இருந்தவள். என்ன செய்வதென்று தெரியாமல் நானும் அப்பாவும் நாளைக் கடத்திக்கொண்டிருந்தோம்.

போன சனிக்கிழமை மிரியம் எங்களை ஒரு படத்துக்குக் கூப்பிட்டா. தையல் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்த யூத மனிசி, உன் பிறந்தநாளுக்குக் கேக் சுட்டுத் தருவாவே, அவதான். நோத்ர-டாம்-த-கிரேஸில் அவவின் வீட்டுக்குப் பக்கத்து மண்டபத்தில் காட்டினார்கள். வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறாளே என்று துஷாந்தினியையும் இழுத்துக்கொண்டு போனேன். யுத்தகாலத்துப் படம். பாண் சுடுகிற ஒரு கிழவனும் கிழவியும் ஒரு யூதப் பெட்டையைப் பாண் போறணை அடுப்புக்கு மேலே பரணில் ஒளித்து வைக்கிறார்கள். ஒருநாள் அவளுடைய ஈரச் சப்பாத்தைக் காயட்டும் என்று கிழவி அடுப்படியில் வைத்துவிட்டு மறந்துபோகிறா. சோதனைக்கு வந்த ஆமிக்காரன் அதைக் கண்டுவிடுகிறான். கிழவனும் கிழவியும் வாயே திறக்கவில்லை, இரண்டு பேரையும் முற்றத்தில் வைத்துச் சுட்டுவிடுகிறார்கள், பெட்டை தப்பிவிடுகிறாள். படம் தொடங்கினதும் குறட்டை விடுகிற உன் அப்பா கடைசிவரைக்கும் கண் மூடவில்லை. தன் தாயையும் யாரோ முன்பின் தெரியாத சனம் இப்படித்தான் வைத்துக் காப்பாற்றினது என்று மிரியம் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னா. நாங்கள் எல்லோரும் அந்தப் பெட்டைக்காக அழுதோம். துஷாந்தினி அந்தக் கிழவனுக்கும் கிழவிக்கும் அழுதிருக்கிறாள், அது எனக்கு அப்போது விளங்கவில்லை.

எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும், பனிச் சப்பாத்தெல்லாம் கதவுக்கு வெளியேதான் கழற்றி வைப்போம். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அப்பா ஒன்றும் பேசாமல் குனிந்து அவளுடைய சப்பாத்தை மட்டும் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். எனக்கு உடனே விளங்கிவிட்டது. வாறது வரட்டும், இந்தப் பிள்ளையை நாங்கள் விடுவதில்லை என்று மனிசன் முடிவெடுத்துவிட்டார். வாயால் சொல்ல வராது, உன் அப்பாவைப் பற்றி உனக்கு நான் சொல்லவேண்டுமா? எனக்கு அவரை நினைக்கப் பெருமையாகக்கூட இருந்தது. துஷாந்தினியும் பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

மறுநாள் நாங்கள் கோயிலுக்குப் போய் வர அவளில்லை. அறை கூட்டிக் கிடந்தது, சோறும் கறியும் சமைத்து மூடி வைத்திருந்தாள், அலுமாரி சாவி தொங்கத் திறந்து கிடந்தது. பின்னேரம் ஏதோ ஒரு கடைப் போனிலிருந்து எனக்குக் கோல் எடுத்தாள். அங்கிள் சப்பாத்தை உள்ளுக்கு வைக்கேக்கையே எனக்கு விளங்கிட்டுது அன்ரி, அவர் பயந்திட்டார், என்னால உங்களுக்கு ஒண்டும் வரக்கூடாது, தேடாதேங்கோ என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள். நான் ஒரு சொல்லுச் சொல்ல விடவில்லை. அந்த நம்பருக்குத் திருப்பி எடுத்தால் யாரோ பிரெஞ்சில் கதைக்கிறான், ஒரு பெண் வந்தாள், போய்விட்டாள், அவ்வளவுதான் தெரியும் என்கிறான். வெளியே மூச்சு உறைகிற குளிர் மகன், எங்கே படுக்கிறாளோ.

அப்பா அந்தச் சோற்றைத் தொடவில்லை. நான் ஒளிச்சு வைக்கத்தானே எடுத்தனான், நான் பயந்திட்டன் எண்டு நினைச்சிட்டாளே என்று அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த நேரம் ஒரு வார்த்தை வாய் திறந்து சொல்லியிருக்கக்கூடாதா என்று எனக்கும் ஆத்திரம் வருகிறது, ஆனால் அவருடைய முகத்தைப் பார்த்தால் கேட்க மனம் வரவில்லை.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, சாருஜாவைக் கூடுதலாக வேலை செய்ய விடாதே. உங்கள் இரண்டு பேருக்கும் எங்கள் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே மகன். உன்னுடைய நம்பர் துஷாந்தினியிடம் இருக்கிறது, எங்களுக்கு எடுக்காவிட்டாலும் வழக்கு விசயம் கேட்க உனக்கு எடுப்பாள். தெரியாத நம்பர் என்று வெட்டிவிடாதே. எடுத்தால் சட்டம் கதைக்கத் தொடங்காதே, எங்கே நிற்கிறாய் என்றுகூடக் கேளாதே, பயந்து வைத்துவிடுவாள். அப்பா பயப்படவில்லை என்று முதலில் சொல்லு.

இப்படிக்கு,
உன் அம்மா
சிவநேசம் கணேசலிங்கம்