வில்லைக்குள் ஓர் இமைமுடி

ஆகஸ்ட் 5

எட்டாம் வகுப்புக்கு இன்று வெங்காயத் தோல். மெல்லிய படலமாக உரித்து, ஒரு சொட்டு அயோடின் விட்டு, மேலே மூடுகண்ணாடி. பள்ளியில் இருப்பது ஒரே நுண்ணோக்கி. வரிசையில் வந்து ஒவ்வொருவராகப் பார்த்தார்கள், வரைந்தார்கள். செங்கல் அடுக்கியது போலச் செல்கள், செல்லுக்கொரு பழுப்புப் புள்ளி. அதுதான் உட்கரு. கூடவே எல்லாருடைய படத்திலும் வளைந்த கோடு ஒன்று. நானும் பார்த்தேன். தோல் மடிந்திருக்கிறது, அதையும் குறித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

நுண்ணோக்கி பளிச்சென்றிருந்தது. லென்ஸ் சார் விடுமுறையில் கழற்றித் துடைத்திருக்கிறார். இயற்பியல் ஆசிரியருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர். இப்போது எனக்கும் அதுதான் வாயில் வருகிறது.

ஆகஸ்ட் 6

என் கன்னத்தின் உள்பக்கத்தைக் குச்சியால் லேசாக வழித்து, நீலச் சாயம் விட்டு வைத்தேன். மனிதச் செல்லுக்குச் சுவர் கிடையாது, சவ்வு மட்டும்தான். வெங்காயம் போல வரிசையில் நிற்காது என்று காட்ட. பார்த்துவிட்டு முன் பெஞ்சுக்காரி கேட்டாள்:

"டீச்சர், வெங்காயத்துல இருந்த மடிப்பு உங்க கன்னத்துக்கு எப்படி வந்துச்சு?"

வகுப்பே சிரித்தது. நான் குனிந்து பார்த்தேன். ஸ்லைடை நகர்த்தினால் செல்கள் நகர்ந்தன, கோடு நகரவில்லை. கண் வைக்கும் வில்லையைத் திருப்பினால் கோடும் சேர்ந்து சுற்றியது. ஆக, அது வில்லைக்குள்ளே இருக்கிறது. ஓர் இமைமுடி. துடைத்தவர் ஒருவர்தான், ஆகவே யாருடையது என்பதில் சந்தேகமில்லை.

தப்பு என்னுடையது, 'மடிப்பு' என்று எழுதியதை அடித்துவிடுங்கள் என்றேன். கடைசி பெஞ்சில் ஒருவன் அதற்கு 'வைரஸ்' என்றே பெயர் எழுதி வைத்திருந்தான். வைரஸ் இந்த நுண்ணோக்கிக்குச் சிக்காதப்பா, அதற்கு எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும் என்றேன். அவனுக்கு ஏமாற்றம்.

ஆகஸ்ட் 7

லென்ஸ் சாரிடம் சொன்னேன். காது சிவந்துவிட்டது அவருக்கு. இப்போதே கழற்றித் தருகிறேன் என்று கை நீட்டினார். தடுத்துவிட்டேன். முடியின் நுனி சரியாக நடுவில் நிற்கிறது. ஸ்லைடை நகர்த்தி உட்கருவை அந்த நுனிக்குக் கொண்டுவந்துவிட்டால் எல்லாப் பிள்ளைகளும் அதையே பார்ப்பார்கள். இத்தனை வருடம் 'அதோ, நடுவுல, கொஞ்சம் இடப்பக்கம்' என்று கத்தியதெல்லாம் இனி வேண்டாம்.

"தலைமுடிதான் நிக்கல, இமைமுடியாவது ஒரு இடத்துல நிலைச்சுதே" என்றார்.

சிரித்து முடிக்கவில்லை, அடுத்ததைச் சொன்னார். அவர் அண்ணன் இருக்கும் ஊரில் ஒரு பள்ளியில் இடம் காலியாம். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். "நான் போனாலும் அது இங்கயே இருக்கட்டும் டீச்சர்."

முடி இருந்து என்ன செய்ய?

ஆகஸ்ட் 14

லென்ஸ் சார் போகப்போவதை அக்காவிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். துணி காயப்போட்டுக்கொண்டே கேட்டாள். "பிள்ளைங்க முன்னாடி அந்தப் பேச்சு பேசுற. அந்த மனுஷன்கிட்ட ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையா?"

இந்த வயசுல போய் என்னன்னு சொல்றது? எங்களுக்கு நுண்ணோக்கி துடைக்க ஆள் வேணும்னா?

ஆகஸ்ட் 20

இன்றும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 26

லென்ஸ் சார் வரவில்லை. காய்ச்சல், சளி. சாயங்காலம் அக்கா என்னை இழுத்துக்கொண்டு போனாள். ஒற்றை அறை, மேசை நிறையக் குவிவில்லை, குழிவில்லை. நடுவில் போர்வைக்குள் அவர். போன தடவை மிஞ்சிய ஆன்டிபயாட்டிக்கைப் போட்டுக்கொள்ளப் போனார். பிடுங்கி வைத்தேன். டாக்டர் சொல்லாமல் அதைத் தொடக் கூடாது. அது பாக்டீரியாவுக்கு, சாதாரணச் சளி வைரஸால் வருவது என்றேன். அக்கா வெந்நீர் வைக்கப் பின்பக்கச் சமையல் மூலைக்குப் போனாள். வேண்டுமென்றேதான்.

அவர் கேட்டார், வைரஸுக்கு உயிர் உண்டா இல்லையா என்று. அதில் ஆராய்ச்சியாளர்களே ஒத்துப்போவதில்லை என்றேன். வெளியே இருக்கும்போது அது வெறும் பொட்டலம், சாப்பிடாது, வளராது. ஒரு செல்லுக்குள் புகுந்தால்தான் பெருகும்.

போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். "இந்த ஸ்கூலுக்கு வர்ற வரைக்கும் நானும் பொட்டலமாத்தான் இருந்தேன், டீச்சர்."

"புகுந்த செல்லு பல சமயம் வெடிச்சுப் போயிடும், தெரியும்ல?"

"அய்யய்யோ" என்று எழுந்து உட்கார்ந்தார். "நான் அந்த அர்த்தத்துல சொல்லல..."

"போகாதீங்க சார்" என்றேன்.

சொல்லிவிட்டேன். அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார், தும்மல்தான் வந்தது. ஒன்றல்ல, வரிசையாக. அக்கா வெந்நீரோடு வந்து நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

ஆகஸ்ட் 29

எனக்கும் சளி. பள்ளிக்குப் போகவில்லை. முன் பெஞ்சுக்காரி வழியாக ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே வில்லை துடைக்கும் மெல்லிய துணி, இரண்டு.

ஆகஸ்ட் 11, அடுத்த வருடம்

புதிய எட்டாம் வகுப்பு. வெங்காயத் தோல், அயோடின். முடியின் நுனியில் நிற்கிறதே, அதுதான் உட்கரு என்றேன். வரிசையில் முதலாவதாக நின்றவன் கண்ணை எடுக்காமலே கேட்டான்:

"யாரு முடி டீச்சர் இது?"

"எங்க வீட்டுக்காரரோடது" என்றேன்.

பக்கத்து அறையில் ஒளிவிலகல் நடத்திக்கொண்டிருந்த குரல் சட்டென்று நின்றது. பிறகு கொஞ்சம் சத்தமாகவே தொடர்ந்தது.